நாலு வீட்டு மழை

ஆங்கிலத்தில் ‘ஆட்டம்’ என்று ஒரு பருவம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் ஏதோ கூத்து என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் அதற்கு ‘இலையுதிர் காலம்’ என்று அர்த்தம் எழுதி மார்க்கு வாங்கியவர்களில் நானும் ஒருவன். எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். அங்கே நின்ற பூவரச மரம் ஓர் இலையைக்கூட உதிர்க்கும் உத்தேசமில்லாமல், மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் பக்கத்து அரசும் இலுப்பையும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் அவை தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு நிற்கின்றன.

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஐப்பசி, கார்த்திகைக்குச் ‘சரத் ருது’ என்று போட்டிருக்கும். அந்தப் பெயரை வைத்தவர்கள் வடக்கே இருந்தவர்கள். அங்கே அப்போது மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, நிலவு காயும். நமக்கோ பெருமழை தொடங்குவதே அப்போதுதான். தமிழ்நாட்டில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. இரவல் பெயர் ஒத்துவரவில்லை என்பதாலோ என்னவோ, நம்முடைய பழைய புலவர்கள் ‘கூதிர்’ என்று தனியாகவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் இன்றும் பாட்டிமார்கள் “கூதல் அடிக்குது, கதவைச் சாத்து” என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துச் சொல் ஒன்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கூதிர் காலத்தை நான் முறையாக அனுபவித்தது வாழ்நாளில் இரண்டே தடவை. 1997-லும் 1998-லும், கும்பகோணத்தில், கல்லூரி மாணவனாக, நாலு பேருக்கு ஓர் அறை என்ற கணக்கில். அதற்குப் பிறகும் மழை பெய்திருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சொந்தக் குடை வாங்கிய பிறகு மழையோடு இருந்த சிநேகம் கொஞ்சம் குறைந்துதான் போய்விட்டது.

கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் ஊர். காவிரிக் கரையிலிருக்கும் கல்லூரி 1854-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. கணித மேதை ராமானுஜன் 1904-ல் அங்கே சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்து, பட்டம் வாங்காமலே வெளியேறினார். நானும் இரண்டு வருஷத்தோடு பட்டம் வாங்காமல் வெளியேறினேன். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை. எனக்கு எந்தப் பாடத்திலும் அவ்வளவு மோகம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

நாங்கள் குடியிருந்தது பழைய காலத்து இரண்டு கட்டு வீடு. முன்கட்டில் வீட்டுக்காரப் பாட்டி. பின்கட்டில் ஒரு குடித்தனம். ரேழியை ஒட்டிய மரப்படியில் தலையைக் குனிந்துகொண்டு ஏறினால் மாடியில் ஒற்றை அறை. மேலே நாட்டு ஓடு. வாடகை மாதம் நானூறு ரூபாய், ஆளுக்கு நூறு. ஒரு திரி ஸ்டவ், இரண்டு அலுமினியக் குண்டான், ஒரு கொடி, நாலு பாய், நாலு தகரப் பெட்டி. மின்சார விளக்கு ஒன்று உண்டு. மழை வந்தால் அது முதலில் போய்விடும்.

எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. ஊர்தான் பெயர். ஒருவன் நன்னிலம், அப்பா சொந்தமும் குத்தகையுமாக மூன்று ஏக்கர் நெல் பயிரிடுகிறவர். ஒருவன் அய்யம்பேட்டை, வீட்டில் பட்டுத் தறி. ஒருவன் வேதாரண்யம், அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. நாலாவது நான், புதுக்கோட்டை. கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். “டேய் வேதாரண்யம், நன்னிலத்தை எழுப்பு, அய்யம்பேட்டை குளிக்கப் போயாச்சு” என்று காலையில் நாங்கள் பேசுவதைக் கேட்கிறவர்களுக்கு, ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு செய்வதைப்போல இருக்கும்.

நாலு பேருக்கும் சேர்த்து ஒரு குடைகூடக் கிடையாது. வீட்டிலிருந்த ஒரே குடை பாட்டியுடையது. பழைய கறுப்புக் குடை. விரித்தால் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். ஐப்பசி மாதம் முழுவதும் பாட்டி விடியற்காலையில் காவிரியில் துலா ஸ்நானம் செய்வாள். அந்த மாதத்தில் எல்லாப் புண்ணிய நதிகளும் காவிரிக்கு வந்துவிடுகின்றன என்பது நம்பிக்கை. மாயவரம் போக அவளுக்கு முடியாது. பகவத் படித்துறையே போதும் என்று வைத்துக்கொண்டாள். இருட்டில் படி வழுக்கும். கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். துணைக்குப் போகிறவனுக்கு அன்றைக்கு முழுவதும் குடை சொந்தம் என்று பாட்டி ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

அந்தக் குடைக்காக நாங்கள் நாலு மணிக்கே எழுந்து போட்டி போட்டோம். காலேஜுக்கு எட்டு மணிக்கே எழுந்து பழக்கமில்லாதவன்கூட, பல் தேய்த்துவிட்டு மரப்படியின் அடியில் போய் உட்கார்ந்திருப்பான். குடைக்காகப் போனோம் என்று சொல்கிறேன். உண்மையில் போகப் போக அந்த ஆற்றுக்காகவே போனோம். இருட்டில் காவிரி கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். பாட்டி கடைசிப் படிக்கு முந்தின படியில் உட்கார்ந்து, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வாள். கிழக்கு வெளுக்க வெளுக்கச் செந்நிறமான தண்ணீர் நுரையும் சுள்ளியும் வாழைமட்டையுமாக ஓடிக்கொண்டிருப்பது மெல்ல மெல்லத் தெரியவரும். எனக்கு அது பெரிய அதிசயம். எங்கள் ஊரில் தண்ணீர் நிற்கும், ஓடாது. வருஷத்தில் சில நாட்கள் நிற்பதற்கே நாங்கள் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர்கள். இவ்வளவு தண்ணீர், கேட்பாரில்லாமல், யாருக்கும் அவசரமில்லாத அந்த வேளையில் இவ்வளவு அவசரமாக ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

திரும்பி வரும்போது கடைத்தெருவில் ஒரு காபிக் கிளப்பு திறந்திருக்கும். குளிரில் வெடவெடத்துக்கொண்டு பித்தளை டவராவை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு குடிக்கிற அந்தக் காபியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். பாட்டி குடிக்க மாட்டாள், வெளியில் நிற்பாள். ஆனால் காசு அவள் கொடுப்பாள்.

மழை பிடித்துக்கொண்டால் அறையின் பூகோளம் மாறிவிடும். ஓட்டில் எங்கெங்கே ஒழுகும் என்பது எங்களுக்கு மனப்பாடம். தென்மேற்கு மூலையில் சிறு தூறலுக்கே சொட்டும். நடு விட்டத்துக்குக் கீழே அரை மணி நேரம் பெய்த பிறகு தொடங்கும். வடக்கு ஜன்னலோரம் மட்டும், காற்று திசை மாறினாலொழிய, பத்திரமான பிரதேசம். அந்த இடத்துக்கு ராத்திரி சீட்டுப் போடுவோம். ஆனால் சீட்டு யாருக்கு விழுந்தாலும் நடுநிசிக்குமேல் நாலு பாயும் அங்கேதான் போய்ச் சேரும். ஒருவன் புரண்டால் மற்ற மூவரும் புரள வேண்டும். போர்வை மூன்றுதான். வேதாரண்யத்துக்குப் போர்வை கிடையாது. ‘எனக்குக் குளிராது’ என்பான். விடியும்போது யார் போர்வை யார்மேல் கிடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கும் இருக்காது. அவன்மேல் ஒன்று நிச்சயமாக இருக்கும்.

பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு இருக்கிறது. நக்கீரர் பாடியது, 188 அடி. அதில் ஒரு மழைக்காலம் வருகிறது. கூரையில் தங்கும் புறா இரவு எது, பகல் எது என்று தெரியாமல் இரை தேடப் போக மறந்து உட்கார்ந்திருக்கிறது. சூரியன் தெரியாததனால், பறித்து வைத்த பிச்சி மொட்டு விரிந்து மணப்பதை வைத்துத்தான் பெண்கள் அந்தி வந்துவிட்டது என்று அறிகிறார்கள். எங்கள் அறையில் பிச்சிப்பூவுக்கு வழியில்லை. பின்கட்டுக் குடித்தனத்தில் வெங்காயம் வதங்குகிற வாசனை ஏறி வந்தால் மணி ஏழு. அதை வைத்துக்கொண்டு நாங்களும் அரிசியைக் களைந்து போடுவோம்.

சமையல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மிளகு ரசம், சுட்ட அப்பளம். அல்லது கஞ்சி, துவையல். வேதாரண்யம் ஊரிலிருந்து வரும்போது காகிதத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கருவாடு கொண்டுவருவான். பாட்டி சுத்த சைவம். ஆகையால் அடைமழை பிடித்துக்கொண்டு, ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கிற ராத்திரிகளில்தான் அதை வறுப்பது என்று தீர்மானம் செய்திருந்தோம். மழை வாசனையை அமுக்கிவிடும் என்பது நன்னிலத்தின் விஞ்ஞானம். இப்படி ஏழெட்டுத் தடவை நடந்த பிறகு ஒரு நாள் பாட்டி படியடியிலிருந்து, “ஏண்டா பிள்ளைகளா, மழை பெஞ்சா வாசனை மேலே போகாதுடா, கீழேதான் இறங்கும். வெயில் அடிக்கிற நாளிலே வறுங்க, காத்தோட போயிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் கருவாடு அவ்வளவு ருசிக்கவில்லை. வெயில் நாளில் வறுப்பதாகவே வைத்துக்கொண்டோம்.

அந்த மாதத்தில் இன்னொரு பெரிய விசேஷம் அன்னாபிஷேகம். ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவன் கோயில்களில் லிங்கத்துக்குச் சோற்றால் அபிஷேகம் செய்து, பிறகு அதை எல்லோருக்கும் கொடுப்பார்கள். கும்பகோணத்தில் சிவன் கோயிலுக்குப் பஞ்சமில்லை. கும்பேசுவரர், நாகேசுவரர், சோமேசுவரர், காசி விசுவநாதர், அபிமுகேசுவரர் என்று வரிசையாக இருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஸ்டவ்வுக்கு விடுமுறை. ஈசுவரர்களில் யாரையும் மனம் நோகச் செய்யக்கூடாது என்று ஒவ்வொரு சந்நிதியிலும் கை நீட்டினோம். மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கிற பிராகாரத்தில், மண்டபத் தூண்களில் ஒண்டிக்கொண்டு, தொன்னையில் வாங்கிய தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். நன்னிலம் ஒரு பருக்கையைக்கூடக் கீழே விட மாட்டான். விரலால் தொன்னையைத் துடைத்துக்கொண்டே, “இது போன வருஷத்துச் சம்பாடா. பழைய அரிசி. இல்லாட்டி இப்படி உதிராது” என்பான். அவனுக்குச் சோறு என்பது எப்போதும் ஏதோ ஒரு வயலிலிருந்து வந்ததாகவே இருந்தது.

இவ்வளவுதான் அந்த நாட்களின் சுகம். எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒழுகுகிற ஓடு, இல்லாத குடை, இலவசச் சோறு. ஆனாலும் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தால் நாலு பேர் முகத்திலும் ஒரு களை வந்துவிடும். வகுப்பில் ஆசிரியர் 1819-ல் கீட்ஸ் எழுதிய ‘ஆட்டம்’ பாட்டை நடத்திக்கொண்டிருப்பார். பழம் கனிந்து, அறுவடை முடிகிற இங்கிலாந்துப் பருவத்தைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருக்க, வராந்தாவில் சாரல் அடித்து அவர் குரல் கேட்காமல் போகும். நாங்கள் நாலு பெஞ்சுகளிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ‘இன்றைக்கு ராத்திரி ஜன்னலோரம் யாருக்கு?’ என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

இந்த மழைக்கு வேறு அர்த்தங்களும் உண்டு என்பது தபால்காரர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

வாரத்துக்கு ஒரு முறையாவது யாருக்காவது வீட்டுக் கடிதம் வரும். வந்த கடிதத்தை உரக்கப் படிப்பது அறையின் வழக்கம். அதில் ரகசியமாக இருப்பதற்கு ஒன்றும் இருக்காது. கார்டோ, இன்லண்டோ, எல்லாக் கடிதத்திலும் முதல் வரி சுகம் விசாரிக்கும். இரண்டாவது வரி மழையைப் பற்றி இருக்கும்.

அய்யம்பேட்டைக்கு வருகிற கடிதம்: தறி நாலு நாளாக நிற்கிறது. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயில் வேண்டும். தறிக்காரர் காலை வைத்து மிதிக்கிற குழி தரையைத் தோண்டிச் செய்தது. மழை வலுத்தால் அதற்குள் தண்ணீர் ஊறும். தீபாவளிக்கு முன்பு ராத்திரி பகலாக நெய்தவர்கள், தீபாவளி கழிந்தால் குழியிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பார்கள்.

வேதாரண்யத்தின் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. தங்கை எழுதுவாள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. அந்த உப்பு, வானம் கண் மூடுகிற வரைக்கும்தான். முதல் பெருமழையோடு பாத்திகள் முழுகிவிடும். வாரிக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு, அடுத்த தை வரைக்கும் வேறு ஏதாவது வேலை தேட வேண்டும். ‘அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார்’ என்று தங்கை எழுதுவாள். அந்த வாக்கியம் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் மாறாது.

நன்னிலத்தின் அப்பா விஷயத்தில் ஒரு வரையறை உண்டு. புரட்டாசியில் மழை வேண்டும். ஐப்பசியில் இன்னும் வேண்டும். கார்த்திகை பிறந்த பிறகு அளவோடு வேண்டும். அந்தச் சீமை காவிரியின் கடைக்கோடி. தண்ணீர் வேண்டுமென்கிற நாளில் கடைசியாக வரும். வேண்டாமென்கிற நாளில் மேலே உள்ள ஊர்களின் தண்ணீரெல்லாம் முதலில் அங்கே வந்து நிற்கும். வடிகால் வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் அதுவும் வடியாது.

என் அப்பாவின் கடிதந்தான் சிறியது. ‘கண்மாய்க்கு இன்னும் வரத்து இல்லை. அங்கே பெய்வதில் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி வைக்கவும்.’ அவர் தமாஷாகத்தான் எழுதுவார். ஆனால் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது எழுதுகிற தமாஷ் அது.

ஆக, எங்கள் ஓட்டின்மேல் பெய்தது ஒரு மழையல்ல. நாலு மழை. ஒருவன் வீட்டில் தறியை நிறுத்திய மழை, ஒருவன் வீட்டில் அடுப்பைச் சுருக்கிய மழை, ஒருவன் வயலை முழுக அடிக்கப் பார்க்கிற மழை, ஒருவன் ஊருக்கு வராமல் போக்குக் காட்டுகிற மழை. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நாங்கள் சீட்டுப் போட்டோம், கஞ்சி காய்ச்சினோம், சிரித்தோம். அது நியாயமா என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன், அப்போது யோசிக்கவில்லை. நாலு பேரில் ஒருவன் மட்டும் அந்த மழையால் கஷ்டப்பட்டிருந்தால் மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்போம். ஆளுக்கு ஒரு கவலை என்று சரிசமமாக இருந்ததனால், யாரும் யாரையும் பார்த்துக் கூச வேண்டியிருக்கவில்லை.

1998-ல் கார்த்திகை பிறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். விடாமல் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் நாங்கள் வழக்கம்போலக் கொண்டாடினோம். மூன்றாவது நாள் நன்னிலம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரமாகப் போய் நின்றான். அவன் அப்பா சம்பா நட்டு இருபத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. இளம்பயிர் தலைக்குமேல் தண்ணீரோடு நாலைந்து நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குமேல் அழுக ஆரம்பிக்கும். அவன் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

அதே வாரம் என் அப்பாவின் கார்டு வந்திருந்தது. ‘இந்தப் பக்கம் தூறலோடு சரி. இன்னும் பத்து நாளில் வராவிட்டால் நாற்றை மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.’ இந்தத் தடவை தமாஷ் இல்லை.

அன்றைக்கு ராத்திரி விளக்குப் போய்விட்டது. அய்யம்பேட்டையும் வேதாரண்யமும் தூங்கிவிட்டார்கள். நானும் அவனும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் கிடந்தோம். தூரத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஊதிக்கொண்டு போயிற்று. ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டேயிருந்தது. நான் மனசுக்குள் மழைக்கு வேண்டிக்கொள்ளவும் முடியாமல், நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாமல் படுத்திருந்தேன். எதை வேண்டினாலும் ஒருவன் வீட்டுக்கு விரோதம். இருட்டில் அவன் சொன்னான்:

“டேய், தூங்கிட்டியா?”

“இல்லே.”

“ஒண்ணு செய்வோம். மழை நிக்கணும்னு வேண்டிக்க வேண்டாம். மேற்கே போகட்டும்னு வேண்டிக்குவோம். எங்க ஊரைத் தாண்டி உங்க ஊருக்குப் போயிடட்டும். ரெண்டு பேருக்கும் சரியாப் போயிடும்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. “சரிடா” என்றேன். அந்த ஒரு சொல்லுக்குமேல் ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே பிரார்த்தனையைச் செய்தோமோ, தூங்கிப்போனோமோ, ஞாபகமில்லை.

விடிந்ததும் அவன் ஊருக்குப் புறப்பட்டான். அன்றைக்கு ஸ்நானத்துக்குத் துணை போனவன் வேதாரண்யம், குடை அவனுடையது. அதைப் பேசாமல் நன்னிலத்தின் கையில் கொடுத்தான். ஊருக்குக் குடை போகிற செய்தியைப் பாட்டியிடம் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் பயந்தான். அவளோ, “போகட்டும். நெல்லு போட்டவன் வீட்டுக்குத்தானே போகுது” என்றாள். மறுநாள் ஸ்நானத்துக்குத் தலையில் கோணியை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். ஐப்பசி முடிந்த பிறகும் விடாமல் போய்க்கொண்டிருந்த பாட்டி அவள்.

மேகம் எங்கள் பிரார்த்தனைக்காக நகர்ந்தது என்று சொல்ல மாட்டேன். வங்காள விரிகுடாவில் கிளம்புகிறது நிலத்தின்மேல் ஏறி மேற்கே போவது அந்த மாதங்களில் இயற்கைதான். எப்படியோ, ஐந்தாவது நாள் அங்கே வெளி வாங்கியது. பத்து நாள் கழித்து வந்த அப்பாவின் கார்டில் ஒரே வரி: ‘கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்கிறது.’ நன்னிலம் திரும்பி வந்தபோது இரண்டு கால்களிலும் சேற்றுப்புண். பாட்டி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கொடுத்தாள். ஊரே சேர்ந்து வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிப் போட்டுத் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். மூன்று ஏக்கரில் ஓர் ஏக்கர் போய்விட்டது. மீதியில், அடர்த்தியாக இருந்த இடத்தில் பயிரைக் கலைத்து எடுத்துச் சொட்டை விழுந்த இடத்தில் நட்டிருந்தார்கள். அந்த நடவுக் கூலிக்கு, அவன் பரீட்சைப் பணமும் சேர்ந்து போய்விட்டது.

பணம் கட்ட நாலு நாள்தான் பாக்கி. “இந்தத் தடவை எழுதலே. திருப்பூர் போயிடலாம்னு பார்க்கிறேன்” என்று அவன் சொன்னான். யாரும் பதில் சொல்லவில்லை. ராத்திரி வேதாரண்யம் தன் தகரப் பெட்டியைத் திறந்தான். அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாளுக்குக் கீழேயிருந்து ஒரு கவரை எடுத்தான். சித்திரை, வைகாசி விடுமுறையில் அப்பாவோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரிய கூலி. மழைக்காலத்தில் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று அம்மாவிடம் பாதியைக் கொடுத்துவிட்டு வைத்திருந்த மீதி.

“இது வெயில்லே சம்பாதிச்ச காசு. மழையிலேதான் செலவழிக்கணும்” என்றான்.

அதில் போதாததற்கு நானும் அய்யம்பேட்டையும் போட்டோம். நன்னிலம் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றான். வேதாரண்யம், “திருப்பிப் பணமாத் தராதே. அரிசியாக் கொடு. உப்பு எங்ககிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போர்வையில்லாமல் படுத்துக்கொண்டான். மாசி மாதம் அரை மூட்டை அரிசி வந்தது. புது அரிசி; குழைந்து போயிற்று. குழைந்த சோற்றைத் தின்றுகொண்டு ‘பழையது ஆகட்டும், உதிரும்’ என்று நன்னிலத்தைப் போலவே நாங்கள் மூவரும் பேசினோம்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் நான் அங்கே இல்லை. மற்ற மூவரும் படிப்பை முடித்தார்கள். அந்த வீடு பிறகு இடிக்கப்பட்டது, பாட்டியும் போய்விட்டாள். நான் இப்போது வசிப்பது அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது மாடியில். மேலே ஒழுகுவதற்கு ஓடு இல்லை. மழை வருமா என்பதைக் கைபேசி சொல்லிவிடுகிறது. எந்த மேகம் எந்த ஊரின்மேல் நிற்கிறது என்று வர்ணம் போட்டுக் காட்டுகிறது. வீட்டில் குடை ஐந்து இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை. மழை பெய்தால் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. தஞ்சைச் சீமையிலும் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்திலும் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. வேதாரண்யத்தில் உப்புப் பாத்திகளைக் கடல் சேறு வந்து மூடிவிட்டது. அன்றைக்கு நான் வேதாரண்யத்துக்குப் போன் செய்தபடியே இருந்தேன், கிடைக்கவில்லை. நன்னிலமும் அய்யம்பேட்டையும் என்னைக் கூப்பிட்டு அவனைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்தாவது நாள் அவனே கூப்பிட்டான். வீட்டுக் கூரை போய்விட்டது, தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, “உங்க அப்பா கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சாடா?” என்று கேட்டான்.

ஒரு பருவத்தை ரசிப்பதற்குக் கண் போதும், மனம் போதும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. பக்கத்துப் பாயில் இன்னொருவன் வேண்டியிருந்தது. அவன் வீட்டில் இந்த மழை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. தெரிந்த பிறகும் அந்த மழை அழகாகவே இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. நன்னிலம்.

“இங்கே பெஞ்சு விட்டுடுச்சுடா. நல்ல மழை, அளவான மழை. இப்போ மேற்கே நகர்ந்திருக்கு. மாடியிலே துணி காயுதுன்னா எடுத்துடு” என்றான்.

நான் போய்த் துணியை எடுத்தேன்.